மிச்சமிருந்த பாதி டிரம் மருந்து

என் கையெழுத்து நன்றாக இருக்காது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டதைத் தவிர பேனா பிடிக்கும் வேலை எனக்கு வாய்க்கவில்லை. பல வருடங்கள் ரப்பர் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்ததில் வலது கையில் மூன்று விரல்களின் நகம் விழுந்து, பிறகு முளைத்தவை தடித்தும் கோணலாகவும் முளைத்தன. பேனா அந்த விரல்களில் நிற்காமல் வழுக்குகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுத வந்தது என் அக்காவின் கணவரைப் பற்றி. அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவரை நினைத்தால் முதலில் அவர் முகம் வருவதில்லை. ஒரு பால் டின்தான் வருகிறது. கோப்பெங் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த பலகை வீட்டில், மாதா படத்துக்கு முன்னால், பேப்பர் கிழிந்த ஒரு பழைய பால் டின்னில் அக்கா ஊதாப் பூ வைத்திருப்பாள். மேல் இதழில் மட்டும் மயில் தோகையின் கண் போல ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். தண்டைக் கிள்ளினால் உள்ளே தண்ணீர் இருக்காது, பஞ்சு மாதிரிக் காற்றுதான் இருக்கும். காலையில் வைத்த பூ மறுநாள் தலை தொங்கிவிடும். அக்கா தினமும் புதுப் பூ மாற்றினாள். அந்தப் பூவுக்குப் பஞ்சமில்லை. வாசலில் இறங்கி நாலு எட்டு நடந்து கையை நீட்டினால் போதும்.

அத்தான் எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கிக்கொண்டிருந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முதலாளி வந்தார். அவர்களுக்கு மரம் வேண்டியிருந்தது, ஆள் வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை கிடைத்தது. அத்தானும் அக்காவும் இன்னும் நாலு குடும்பங்களும் ஓர் ஈயலம்பக் குட்டையின் கரைக்குப் போனார்கள். ஈயம் தோண்டி முடித்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் குட்டை அது. பந்து விளையாடும் திடலைவிடக் கொஞ்சம் சின்னது. சுற்றிலும் வெள்ளை மணல். அந்த மணலில் லாலாங் புல்கூட முளைக்காது. அந்த இடம் ஒரு தவுக்கேக்கு, அதாவது சீன முதலாளிக்குச் சொந்தம். லம்பத்தை மூடிய பிறகு அந்தத் தண்ணீரால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. சீனப் புத்தாண்டுக்கு நல்ல மீனாகப் பத்து பிடித்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லி விட்டுவிட்டார்.

மரம் வெட்டிய கை மீன் பிடிக்கப் பழகுவதற்கு ஒரு வருடம் ஆனது. அத்தானுக்கு நீந்தத் தெரியாது. பழைய பலகைகளை வைத்துத் தானே ஒரு சம்பான் செய்தார். அது எப்போதும் இடது பக்கம் சாய்ந்தே போகும். "என்னா அத்தான், படகு நொண்டுது" என்றால், "நேரா போறதுக்கு நான் என்னா கப்பலா ஓட்டுறேன், மச்சான்? மீனு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் சாயுதுலா" என்பார். திலாப்பியாக் குஞ்சுகளை எங்கிருந்தோ வாங்கி வந்து விட்டார். அவை பெருகின. கரையிலிருந்த ஐந்து வீடுகளும் அந்தக் குட்டையை நம்பித்தான் இருந்தன. ஆனால் குட்டையைப் புரிந்து வைத்திருந்தவர் அத்தான் ஒருவர்தான். எந்த மாதம் மீன் ஆழத்துக்குப் போகும், எந்த மூலையில் முட்டையிடும் என்றெல்லாம் சொல்வார்.

நாங்கள் வேதக்காரர்கள். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட மாட்டோம். ஈப்போவில் சிலிபின் பக்கம் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து முன்பே டவுனுக்குப் போனவர்கள். தவக்காலம் தொடங்கினால் அத்தான் வெள்ளிக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிலிபினுக்கு மீன் கொண்டு போவார். அதற்கு முந்தைய தைப்பூச மாதத்தில் இந்து வீடுகள் விரதம் இருக்கும், மீன் போகாது. அதனால் அந்த மாதம் முழுக்க அத்தான் குட்டையில் வலை போடாமல் விட்டுவிடுவார். மீன் கொழுக்கட்டும் என்பார். ஒரு வருடத்துப் பிழைப்பில் பாதி அந்த ஆறு வெள்ளிக்கிழமைகளில்தான் இருந்தது. சிலிபினில் இருபது வீடுகளாவது அவருக்காகக் காத்திருக்கும். வேறு எவரிடமும் வாங்க மாட்டார்கள். அது அவருக்குப் பெருமை. வாயால் சொல்ல மாட்டார். அந்த நாட்களில் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மீன் விற்கப் போவார்.

அந்தப் பூச்செடி ஒரு மழைக்காலத்தில் வந்தது. மேல்பக்கம் பன்றி வளர்க்கிற ஒருவர் அதைத் தன் குளத்தில் வளர்த்து, வெட்டி வேகவைத்துப் பன்றிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளம் வந்தபோது அது ஓடையில் மிதந்து எங்கள் குட்டைக்கு இறங்கிவிட்டது. ஆகாயத்தாமரை என்று அதற்குப் பெயர் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். முதலில் ஏழெட்டுச் செடிகள். பூத்தபோது எல்லாருக்கும் பிடித்திருந்தது. கடைசி வீட்டு அக்கா தலையில்கூட வைத்துக்கொண்டாள். வெயிலுக்கு மீன் அதன் அடியில் ஒதுங்கும் என்று அத்தானும் சந்தோஷப்பட்டார். அடுத்த மாதம் அது கரையோரம் முழுக்க ஒரு பாய் விரித்தது மாதிரி இருந்தது. அதற்கடுத்த மாதம் நடுவில் மட்டும் ஒரு வட்டம் தண்ணீர் தெரிந்தது. ஒரு செடியைப் பிடுங்கினால் அந்த இடம் இரண்டே நாளில் மூடிக்கொள்ளும்.

ஒரு வருடத்துக்குள் சம்பானைத் தள்ள முடியாத நிலை வந்தது. வலையை வீசினால் அது தண்ணீரில் விழாமல் இலை மேல் விழுந்து கிடக்கும். துணி துவைக்கப் பெண்கள் இடுப்பளவு செடியை விலக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கொசு பெருகி இரண்டு வீட்டில் காய்ச்சல் வந்தது. ஐந்து வீட்டு ஆட்களும் சேர்ந்து பாராங் கத்தியால் வெட்டி, மூங்கில் கொக்கியால் இழுத்து, படித்துறைக்குப் பக்கத்தில் குவித்தார்கள். பாதிக் குவியல் தண்ணீருக்குள்ளேயே கிடந்து அழுகியது. அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கறுத்து, சின்ன மீன்கள் செத்து மிதந்தன. மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அத்தான் கவனித்தார். செத்த மீன் ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நோவுல சாவல. மூச்சு முட்டிச் செத்திருக்கு" என்று சொன்னார். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன்.

மருந்தடிக்கலாம் என்று முதலில் சொன்னது அக்காதான். எழுபத்தொன்பதாம் ஆண்டு, சீனப் புத்தாண்டு முடிந்த வாரம். நான் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். "தம்பி, நீ ஏக்கரா ஏக்கராவா லாலாங்க கொல்றவன். இத கொல்ல முடியாதா உனக்கு?" என்று கேட்டாள். என்னிடம் யாரும் இப்படி ஒரு வேலை கேட்டதில்லை. நான் அதிகம் பேசாதவன், கூட்டத்தில் கடைசியில் நிற்கிறவன். ஆனால் மருந்தடிப்பது எனக்குத் தெரியும். முடியும் என்று சொன்னேன். அத்தான் சோற்றைப் பிசைந்து முடித்தார். பிறகு சொன்னார்: "அடிக்கலாம் மச்சான். ஆனா மொத்தமா வேணாம். மொத்தமும் ஒரே நேரத்துல செத்தா மொத்தமும் ஒரே நேரத்துல அழுவும். மேக்கு மூலைய விட்டுரு. மீனு அங்க போய் மூச்சு விட்டுக்கும். ஈஸ்டர் முடியட்டும், மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்." அக்கா சிரித்தாள். "மீனு எங்க போய் மூச்சு விடணும்னு இவரு சொல்லிக் குடுக்கப் போறாரு" என்றாள். அத்தானும் சிரித்தார். நான், "சரி அத்தான்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்ததும் மருந்துப் பம்பை ஸ்டோர்க் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லி எடுத்துக்கொண்டேன். திங்கள் காலை திருப்பி வைத்துவிட வேண்டும். மருந்து கோப்பெங் கடையில் வாங்கியது. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அத்தான் மேற்கு மூலைக்குக் குறுக்கே இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி, கழிகளின் நுனியில் பழைய சிவப்புச் சாரத்தைக் கிழித்துக் கட்டியிருந்தார். குட்டையில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கழிகளுக்கு அப்பால் இருந்தது. சனிக்கிழமை மாலை கொஞ்சமும் ஞாயிறு விடிந்ததிலிருந்து மிச்சமும் அடித்தோம். அத்தான் சம்பானைத் தள்ளினார். நான் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்று அடித்தேன். டிரம்மில் மருந்து கலக்கிக் கரையில் வைத்திருந்தேன். முதல் டிரம் தீர்ந்ததும் தோட்டத்துப் பழக்கத்தில் இரண்டாவதையும் முழுசாகக் கலக்கினேன். அது தேவையா என்று நான் யோசிக்கவில்லை. மூங்கில் வரைக்கும் வந்து சேர்ந்தபோது அந்த இரண்டாவது டிரம்மில் பாதி மிச்சம் இருந்தது.

பூசைக்கு நேரமாகிவிட்டது. அத்தான் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அக்காவோடு கோயிலுக்குக் கிளம்பினார். மற்ற வீட்டுக்காரர்களும் போய்விட்டார்கள். என் மேல் மருந்து நாற்றம், நான் வரவில்லை என்றேன். கிளம்பும்போது அத்தான் டிரம்மை எட்டிப் பார்த்தார். "அது அப்படியே இருக்கட்டும் மச்சான். நான் வந்து பாத்துக்கிறேன்" என்றார். அதற்கும் நான் சரி என்றுதான் சொன்னேன்.

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தோட்டத்தில் கலக்கிய மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. ஆடு மாடு வாய் வைத்துவிடும். அன்றன்றைக்குக் கலக்கியதை அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும். இன்னொன்று, அடித்துக்கொண்டு போகும்போது ஒரு துண்டைக்கூட விடக் கூடாது. விட்ட இடத்திலிருந்துதான் புல் திரும்பப் பரவும். எங்கள் வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் பின்னாலேயே வருவார். பச்சையாக ஒரு முழம் தெரிந்தால் போதும், "இது என்னாடா, பொண்ணு பாக்கப் போறப்ப கொண்டு போறதுக்கு வச்சிருக்கியா?" என்பார். மொத்தக் கூட்டமும் சிரிக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் கூடுதலாகச் சிரிப்பார்கள். ஏழெட்டு வருடம் அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் எதையும் விட்டு வைத்ததில்லை. கரையில் தனியாக உட்கார்ந்து அந்த மேற்கு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கழிகளுக்கு அந்தப் பக்கம் பச்சையாக நின்றது. இன்னொன்று டிரம்மில் மிச்சமாக நின்றது. இரண்டும் என் கண்ணை உறுத்தின. மீனைப் பற்றி அத்தானுக்குத் தெரியும், புல்லைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் மற்றவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்தது அந்த ஒரு தடவைதான். பம்பை நிரப்பி முதுகில் மாட்டி, சம்பானை நானே தள்ளிக்கொண்டு போய், மூங்கில் கழிகளைத் தாண்டினேன். டிரம் காலியாகும் வரை அடித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது டிரம்மைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அத்தான் அதைப் பார்த்தார். மணலில் ஊற்றிவிட்டேன் என்று நினைத்திருக்கலாம். கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருந்து அடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. புதன்கிழமை வேலை முடிந்து சைக்கிளில் போய்ப் பார்த்தேன். குட்டை முழுவதும் காய்ந்த புகையிலை நிறத்துக்கு மாறியிருந்தது. ஐந்து வீட்டு ஆட்களும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பெரிய ஆளுலா நீ. வாய தொறக்காம காரியத்த முடிச்சிட்டியே" என்று கடைசி வீட்டு அண்ணன் என் முதுகில் தட்டினார். கடைசி வீட்டு அக்கா எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். அத்தான் சம்பானில் மேற்கு மூலையில் இருந்தார். அங்கேயும் அதே நிறம். அவர் இரண்டு மூங்கில் கழிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சம்பானில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். சிவப்புத் துணியை அவிழ்த்து மடித்தார். கழிகளை அக்காவிடம் துணி காயப்போடக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து அவர் செத்த செடிகளைக் கரைக்கு இழுக்கத் தொடங்கினார். மூழ்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மற்றவர்களை உதவிக்குக் கூப்பிட்டார். "செத்தத எதுக்குண்ணே இழுக்கிறீங்க? தானா முழுவிப் போவும், விடுங்க. இல்ல அதையும் சிலிபினுக்குக் கொண்டு போயி விக்கப் போறீங்களா?" என்று கேலி செய்தார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தனியாக இழுத்தார். அக்கா அவர் கையிலிருந்த கொப்புளங்களுக்கு எண்ணெய் போட்டாள். நான் இரண்டு ஞாயிறு வந்து கூட இழுத்தேன். பக்கத்துப் பக்கத்தில் நின்று நாள் முழுக்க வேலை செய்தோம். அவர் மீன் பற்றியும் கோயில் கூரை ஒழுகுவது பற்றியும் பேசினார். நான் ஆமாம், ஆமாம் என்றேன். இழுத்தது பத்தில் ஒரு பங்கு இருக்கும். மிச்சமெல்லாம் உள்ளே போய்விட்டது. தண்ணீர் பால் ஊற்றாத கோப்பி மாதிரி ஆனது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மீன்கள் மேலே வந்தன. எனக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள், நான் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனேன். குட்டை முழுக்க வாய்கள். பெரிய மீன், சின்ன மீன், எல்லாம் வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சத்தம்கூட இருந்தது, அரிசி களைவது போல. நடுப்பகலில் அந்தச் சத்தம் குறைந்தது. மறுநாள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கரைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாளியில் அள்ளி மணலில் குழி வெட்டிப் புதைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வந்ததில்லை. அந்த நாளில் உள்ளே ஏதோ ஒன்று காய்ந்து அப்படியே நின்றுவிட்டது.

தவுக்கே வந்தார். ஐந்து வீட்டுக்காரர்களும் கூடினார்கள். முதுகில் தட்டிய அதே அண்ணன், "யாரு இவனைக் கேட்டது? மேக்கு மூலைய விட்டுட்டு அடிக்கிறேன்னு தானே பேச்சு? முழுக் கொளத்தையும் எவன் அடிக்கச் சொன்னான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அத்தானுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அத்தான் சொன்னார்: "நான்தான் சொன்னேன். பூசைக்குப் போறப்ப நான்தான் சொல்லிட்டுப் போனேன், மிச்சத்தையும் அடிச்சிருன்னு. நான் சொன்னத அவன் செஞ்சான்." அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லியே நீங்க" என்றாள். "எல்லாத்தையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்யணுமா?" என்றார். அவர் அக்காவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தவுக்கேக்கு அவரே மலாயில் அதையே இன்னொரு முறை சொன்னார். நான் அசையாமல் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை எது என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, தவக்காலத்தின் முதல் வெள்ளி, அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிலிபினுக்குக் கிளம்பினார். மீன் இல்லை, வெறும் பெட்டி. "காத்துக்கிட்டு இருப்பாங்க. சொல்லாம விட்டா பட்டினியா நிப்பாங்க. நீயும் வா மச்சான்" என்றார். நான் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மோட்டாரை நிறுத்தி இறங்கி, "இந்த வருஷம் மீன் இல்லக்கா. தண்ணி கெட்டுப் போச்சு. வேற எடத்துல வாங்கிக்கோங்க" என்று சொன்னார். ஒரு அம்மா நம்பவில்லை. "வழியிலேயே எவளுக்கோ மொத்தமும் குடுத்துட்டு வந்து கத சொல்றீங்க. பெட்டிய தொறங்க பாப்போம்" என்றாள். அவர் திறந்து காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய் இரண்டு தம்ளரில் கோப்பி கொண்டு வந்தாள். எங்கே தண்ணீர் கெட்டது, எப்படிக் கெட்டது என்று அவள் கேட்டபோது அத்தான், "என் தப்புதாங்க" என்றார். நான் கோப்பியைக் குடித்தேன். சூடாக இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது.

தவுக்கே அந்த வருடமே அவர்களைக் கிளம்பச் சொல்லிவிட்டார். ஐந்து குடும்பங்களும் ஐந்து திசையில் போயின. அத்தானும் அக்காவும் சிலிபினில் ஒரு வாடகை அறைக்கு வந்தார்கள். அவருக்கு ஈப்போவுக்கு வெளியே சுண்ணாம்புக் கல் உடைக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. சட்டையெல்லாம் வெள்ளைத் தூளோடு வருவார். இருமல் தொடங்கியது. அடுத்த ஆண்டு நான் அந்தக் குட்டையைப் பார்க்கப் போனேன். எதற்காகப் போனேன் என்று தெரியவில்லை. சேற்றில் கிடந்த விதை முளைத்து, ஆகாயத்தாமரை கரையிலிருந்து கரை வரை மறுபடியும் மூடியிருந்தது. பூத்தும் இருந்தது. மேற்கு மூலை எது என்று அடையாளம் தெரியவில்லை.

அக்கா அந்தக் குட்டையை மறக்கவில்லை. வீட்டில் ஏதாவது குறை என்றால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். கூரை ஒழுகினாலும், அவர் இருமி இருமித் தூங்க விடாமல் செய்தாலும், "மூலைய விடுவோம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, எனக்குத் தெரியாம முழுசையும் அடிக்கச் சொன்னவருதானே" என்பாள். "அவசரம் புடிச்ச மனுசன்" என்பாள். அவசரம் என்பதே இல்லாத மனுஷன் அவர். அவர் பதில் சொல்ல மாட்டார். சில சமயம் நானும் அந்த அறையில் உட்கார்ந்திருப்பேன். அவர் என் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று எனக்குத் தோன்றும். நான் ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். கோபம், சோம்பல், பூசைக்குப் போகாதது, எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. சொன்னால் போய் அக்காவிடமும் சொல் என்று சாமியார் சொல்லிவிடுவார் என்ற பயம்.

எண்பத்தாறாம் ஆண்டு அவரை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நெஞ்சுச் சளியோடு காய்ச்சல். மத்தியானம் பார்க்கும் நேரத்தில் நான் போனேன். அக்கா கீழே ரொட்டி வாங்கப் போயிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "மச்சான்" என்றார். "அன்னைக்கு டிரம்முல எவ்ளோ மிச்சம் இருந்துச்சு?"

ஏழு வருடம் கழித்துக் கேட்டார். எந்த நாள், எந்த டிரம் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

"பாதி அத்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "மணல்ல ஊத்தியிருக்கலாம்லா" என்றார். "அங்கதான் ஏற்கனவே ஒண்ணும் மொளைக்காதே."

அதில் கோபம் இல்லை. ஒரு வேலையைச் சுலபமாக எப்படிச் செய்திருக்கலாம் என்று சொல்கிற குரல். நான் தலையை ஆட்டினேன். அவர் கண் மூடியிருந்ததால் அதை அவர் பார்த்திருக்க முடியாது. அக்கா ரொட்டியோடு வந்தாள், நான் எழுந்து அவளுக்கு நாற்காலியைக் கொடுத்தேன். நாலாவது நாள் அவர் இறந்தார். அடக்கத்தன்று அழுதுகொண்டிருந்த அக்கா நடுவில் அதையே சொன்னாள்: "ஒரு நாள் பொறுத்திருந்தா இந்தத் தூசியத் தின்னுருக்க வேணாமே." சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் என்றார்கள்.

இப்போது நான் தோட்ட வேலையை விட்டுவிட்டு அக்காவோடு இருக்கிறேன். அவள் சமைக்கிறாள், நான் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறேன். இன்று காலைகூட, பெரிய வெள்ளிக்குக் கஞ்சி வைத்துக்கொண்டே, "நல்ல நாளும் அதுவுமா அந்த மீனெல்லாம் ஞாபகத்துக்கு வருது. உன் அத்தான் மட்டும் சொன்ன பேச்சில நின்னிருந்தா" என்று தொடங்கினாள். மூன்று வருடமாகச் செத்தவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். செய்தது நான். அந்தச் சண்டை என்னிடம் போட வேண்டியது.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தாள். அது தெரிந்துதான் எழுதினேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுதியதை வாசிக்கத் தொடங்கினால் கடைசி வரி வரை போய்த்தான் ஆக வேண்டும்.

சற்று முன் அவள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். "எட்டு நாளா என்னா எழுதுற? கோயிலுக்குப் போவ நேரம் இருக்கு, வந்து கஞ்சி குடி" என்றாள்.

"உனக்குத்தான் எழுதுறேன்" என்றேன்.

"எனக்கா? நான் என்னா வாசிக்கவா போறேன்?"

"நான் வாசிக்கிறேன். அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காருக்கா."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைக்கப் போயிருக்கிறாள்.

சிலிபின், ஈப்போ
1989, பெரிய வெள்ளிக்கிழமை